கை வியர்வைக்கு எது: லோஷனா, கரன்ட் தண்ணீரா, ஊசியா, ஆபரேஷனா?

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் மருந்துக்கடைக் கவுண்டரில் “வியர்வைக்கு ஏதாச்சும் இருக்காண்ணே?” என்ற கேள்வி தினமும் வரும். கேட்கிறவர்களில் பலருக்கு வேண்டியது வியர்வை மருந்தே அல்ல. ஒருவருக்கு அக்குள் நாற்றம், ஒருவருக்குத் தொடை இடுக்கில் அரிப்பு, இன்னொருவருக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. இவர்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு பையன் வருவான். அவன் நீட்டும் நூறு ரூபாய் நோட்டு நனைந்திருக்கும். ஃபேன் ஓடினாலும் சரி, மார்கழி மாதமானாலும் சரி, உள்ளங்கை கசிந்துகொண்டே இருக்கும். பரீட்சைத் தாளுக்கும் கைக்கும் நடுவில் கர்சீப் வைத்து எழுதுகிறவன், ரேஷன் கடையில் கைரேகை மெஷின் ஏற்காமல் சட்டையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறவன் அவன். வியர்வையே நோயாக இருப்பது அவனுக்குத்தான். இந்த ஒப்பீடு முக்கியமாக அவனுக்காக. ஆனால் முதலில் மற்றவர்களைச் சரியான வரிசைக்கு அனுப்பிவிடலாம். வரிசை மாறி நிற்கிறவர்கள் தாங்களாகவே கேட்டு வாங்கிப்போகும் க்ரீம்தான் நான் பார்த்தவரை அதிகக் கெடுதல் செய்கிறது.

தோலா, வியர்வையா?

நாற்றம் சுலபமான கேஸ். புதிதாகச் சுரந்த வியர்வைக்கு அநேகமாக வாடையே கிடையாது. அக்குளில் சுரக்கும், கொழுப்பும் புரதமும் கலந்த வியர்வையைத் தோலில் இருக்கும் பாக்டீரியா உடைக்கும்போதுதான் நாறுகிறது. டியோடரன்ட் அந்தப் பாக்டீரியாவைக் குறைத்து மேலே வாசனை போடுகிறது, அவ்வளவுதான். வியர்வை அதுபாட்டுக்குச் சுரக்கும். சலூனில் ஷேவ் முடிந்ததும் தேய்க்கிற படிகாரக் கல்லும் ஏறக்குறைய இதே வேலையை மலிவாகச் செய்துவிடும். நாற்றம் மட்டும்தான் தொல்லை என்றால் தினமும் இரண்டு குளியல், துவைத்துக் காய்ந்த பனியன், ஒரு படிகாரம் போதும். சட்டையில் கை அகலத்துக்கு ஈரம் படர்கிறவருக்கு இது காணாது.

வேர்க்குருவும் அப்படித்தான். வியர்வை அதிகம் சுரப்பதால் மட்டும் வருவதல்ல அது. வியர்வை வெளியேறும் குழாய் அடைபட்டு, உள்ளேயே கசிந்து, சிவந்து, ஊசி குத்துவதுபோல் குத்துகிறது. அடைப்புதான் காரணம் என்றால் மேலே மேலே பவுடரை அப்புவதில் என்ன பயன் என்று நீங்களே யோசிக்கலாம். காய்ந்த தோலில் லேசாகத் தூவினால் ஈரத்தை உறிஞ்சும். வியர்த்த முதுகில் கொட்டினால் மாவாகக் குழைந்து அங்கேயே அப்பிக்கொள்ளும். கேலமைன் லோஷன் எரிச்சலைத் தணிக்கும். நுங்குத் தண்ணீரும் சந்தனமும் அந்த நேரத்துக் குளிர்ச்சி, தடவுவதில் தப்பில்லை. ஆனால் வேர்க்குருவை உண்மையில் ஆற்றுவது காற்றும் நிழலும் தொளதொள பருத்தித் துணியும்தான். எண்ணெயும் கெட்டியான களிம்பும் அடைப்பைக் கூட்டும். கைக்குழந்தைக்குப் பவுடர் போடவே வேண்டாம், மூச்சில் போகும்.

படர்தாமரைக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுக்கப் போகிறேன். வட்டமாக, ஓரம் மட்டும் மேடு தட்டி, செதில் உதிர்ந்து, நடுப்பகுதி தெளிவடைந்துகொண்டே பரவும், இரவில் அரிக்கும். இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று வியர்வை தங்கும் இடங்களில்தான் இந்தப் பூஞ்சை காலூன்றும். ஆள் வந்து, “போன தடவை கொடுத்தீங்களே, ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுடுச்சு, அந்த க்ரீம் குடுங்க” என்பார். இரண்டே நாளில் நின்றது என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, வீரியமான ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே டியூபில் அடைத்த கலவைக் க்ரீம்கள் அப்படித்தான் வேலை செய்யும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடும். தோலின் எதிர்ப்பும் அதோடு அமுங்குவதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். அந்த வட்ட ஓரமும் கலைந்துபோயிருப்பதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாது. மாதக்கணக்கில் தடவினால் தொடையில் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழிந்த தழும்புகள் வரும், அவை மறைவதில்லை. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது இதனால்தான். இருந்தாலும் பெயர் சொல்லிக் கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன, அதை மறைப்பானேன்.

இதற்கு மாற்று, ஸ்டீராய்டு இல்லாத தனிப் பூஞ்சைக் களிம்பு. க்ளோட்ரிமசோல், லுலிகோனசோல் போன்றவை. அரிப்பு மெதுவாகத்தான் குறையும். வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம்வரை தடவ வேண்டும். திட்டு மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடக் கூடாது. வீட்டில் ஒரே துண்டைப் பகிரக் கூடாது. அரிக்கிறவர் எல்லோரும் சேர்ந்தே வைத்தியம் செய்ய வேண்டும். பழைய நம்பிக்கை மாத்திரையான டெர்பினஃபினுக்கு அடங்காத ஒரு பூஞ்சை இனம் நம் நாட்டில் வெகுவாகப் பரவியிருக்கிறது. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று நம் நாட்டை ஒட்டியே பெயர் வைத்தார்கள். ஆகவே ஒரு மாதம் ஒழுங்காகத் தடவியும் அடங்காத படர்தாமரைக்கு வேறு க்ரீம் தேட வேண்டாம். தோல் மருத்துவரிடம் போய்ச் செதிலைச் சுரண்டிச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேமல் என்று சொல்லி வருவதில் மூன்று விஷயம் கலந்திருக்கும். மார்பு, முதுகு, கழுத்தில் வெளுப்பாகவோ பழுப்பாகவோ புள்ளி புள்ளியாகச் சேர்ந்து, நகத்தால் சுரண்டினால் மெல்லிய பொடி உதிர்ந்தால், அது வியர்வைக் காலத்தில் பெருகும் ஈஸ்ட் என்ற பூஞ்சை வகை. அது எல்லோர் தோலிலும் இருப்பதுதான், ஒட்டுவதில்லை. கீட்டோகோனசோல் ஷாம்பூவைப் பூசி ஊறவிட்டுக் கழுவினாலே கட்டுப்படும். நிறம் திரும்ப மட்டும் மாதங்கள் ஆகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் மங்கலான வெளுப்பு பூஞ்சையே அல்ல, வறட்சி. அதற்குப் பூச்சி மாத்திரை கேட்டு வரும் அம்மாக்களிடம் மாய்ஸ்சரைசர் போதும்க்கா என்று சொல்லி அனுப்புகிறேன். மூன்றாவதுதான் கவனம். உணர்ச்சியற்ற தேமல், தொட்டாலோ சூடு பட்டாலோ தெரியாத திட்டு. உடம்பெல்லாம் வியர்க்கும்போது அந்த இடம் மட்டும் வறண்டு கிடந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொழுநோய்க்கு அங்கே கூட்டு மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

எந்த வியர்வை, யாருடைய வியர்வை?

தோல் கோளாறுகளை விலக்கியாயிற்று. இனி நிஜமாகவே அதிகம் வியர்க்கிறவர்கள். இதிலும் இரண்டு வகை. ஒன்று, பிறவிச் சுபாவம்போல் சின்ன வயதிலோ பருவ வயதிலோ தொடங்குவது: உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள், முகம் என்று குறிப்பிட்ட இடங்களில், இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். வீட்டில் அப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்திருக்கும். தூங்கும்போது நின்றுவிடும். வியர்வைச் சுரப்பியில் கோளாறு எதுவும் இராது. அதற்கு உத்தரவு போடும் நரம்புதான் ஓயாமல் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கும். பதற்றப்பட்டால் கூடும் என்பதால் ‘பயந்தாங்கொள்ளி’ என்று பட்டம் கட்டுவார்கள். பயம் வியர்வையைக் கூட்டுகிறது, உண்டாக்குவது பயமல்ல.

இன்னொன்று, வேறு நோயோ மருந்தோ கொண்டுவருவது. நடு வயதில் திடீரென்று தொடங்கியது, உடம்பு முழுக்க வியர்ப்பது, ஒரு பக்கம் மட்டும் வியர்ப்பது, தூக்கத்தில் தலையணை நனைவது எல்லாம் இந்தக் கணக்கு. எடை குறைந்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கினால் தைராய்டு பார்க்க வேண்டும். இருமலும் மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த இரவு வியர்வைக்கு டிபி பரிசோதனை. மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் குப்பென்ற சூடும் வியர்வையும் தனி. மனச்சோர்வு மாத்திரைகளான செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவையும் வியர்க்க வைக்கும். தானாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் திடீரென ஜில்லென்று வியர்த்து நடுங்கினால் முதலில் சர்க்கரைத் தண்ணீர், அப்புறம் பேச்சு. நெஞ்சு அழுத்தத்தோடு வியர்த்தால் மருந்துக்கடைக்கு வராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இவை எதுவும் இல்லை, முதல் வகைதான் என்று தோல் மருத்துவர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் கேள்வி, எந்த வைத்தியம்? இதற்கு ஒரே பதில் இல்லாததற்குக் காரணம், அக்குளுக்கு நன்றாக வேலை செய்வது உள்ளங்கையில் சுமாராகத்தான் செய்யும். இடத்தை வைத்துத்தான் பேச வேண்டும்.

அக்குள்: லோஷனைச் சரியாகப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்

அலுமினியம் குளோரைடு லோஷன்தான் முதல் படி. மருத்துவர்கள் எழுதுவது பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம். விலை சில நூறு ரூபாய்க்குள். அலுமினிய உப்பு வியர்வைக் குழாயின் வாயில் படிந்து தற்காலிகமாக அடைக்கிறது. இதை வாங்கிப்போய் “எரியுது, வேலையும் செய்யல” என்று திருப்பிக்கொண்டு வருகிறவர்களிடம் எப்போது போட்டீர்கள் என்று கேட்டால், காலையில் குளித்ததும் என்பார்கள். அங்கேதான் தப்பு. ஈரத்தில் பட்டால் இந்த உப்பிலிருந்து அமிலம் உண்டாகும், எரிச்சல் அதனால்தான். இரவில், வியர்வை அடங்கிய நேரத்தில், ஈரமே இல்லாமல் காய்ந்த அக்குளில் மெல்லிசாகப் போட்டு, காலையில் கழுவிவிட வேண்டும். ஷேவ் செய்த அன்று தொடவே கூடாது. முதலில் தினமும் இரவு, வியர்வை அடங்கியதும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. இந்த ஒழுங்கில் போட்டால் நடுத்தர அளவு வியர்வை உள்ளவர்களில் நிறையப் பேருக்கு இதுவே போதும். அலுமினியம் மார்பகப் புற்றுநோய் தரும், மறதி நோய் தரும் என்று வாட்ஸப்பில் சுற்றுவதற்கு நிரூபணம் இல்லை. சிறுநீரகம் வெகுவாகப் பழுதானவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்த வேண்டும்.

லோஷன் தோற்றால் அடுத்தது போட்டூலினம் ஊசி, போடாக்ஸ் என்று சொல்வார்களே அதுதான். அமெரிக்காவில் அக்குள் வியர்வைக்கு 2004-இல் அனுமதி கிடைத்தது. அதாவது புதுசு இல்லை. ஒரு அக்குளுக்கு 50 யூனிட், பத்துப் பதினைந்து இடத்தில் சின்னச் சின்னதாகக் குத்துவார்கள். ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், ஆறு மாதம்போல் நிற்கும், சிலருக்கு அதற்கு மேலும். குறை ஒன்றே ஒன்று, காசு. ஒவ்வொரு தடவையும் பல ஆயிரம், அதுவும் தீரவே தீராத தவணை. நுண்ணலையால் சுரப்பியையே பொசுக்கும் மெஷின் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 2011-இல் அனுமதி பெற்றது, அக்குளுக்கு மட்டும், பலன் நிரந்தரம். பெருநகரங்களில் ஒரு சில கிளினிக்குகளில்தான் கிடைக்கும், செலவு ஊசியைவிடக் கூட. கல்யாணத்துக்கு மட்டும் காய்ந்திருந்தால் போதும் என்பவருக்கு ஊசி நல்ல தேர்வு. தினமும் நீலச் சட்டை போட்டு அலுவலகம் போகிறவருக்கு என் வாக்கு லோஷனுக்குத்தான்.

உள்ளங்கை: யாரும் சொல்லாத கரன்ட் தண்ணீர்

லோஷன் கையிலும் போடலாம். ஆனால் உள்ளங்கைத் தோல் தடிமனானது, சாப்பிடும் கை, கழுவிக்கொண்டே இருக்கும் கை. லேசான கேஸ் தவிர மற்றவர்களுக்கு ஏமாற்றம்தான். இங்கே நேரே ஆபரேஷனுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் ஒரு வைத்தியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் என் கவுண்டரில் மிகக் குறைவு. அதன் பெயர் அயன்டோஃபோரசிஸ்.

பார்க்கச் சாதாரணமாக இருக்கும். இரண்டு தட்டையான ட்ரே, அடியில் ஆளுக்கொரு உலோகத் தகடு, அதன் மேல் துணியோ வலையோ, உள்ளங்கை நனையும் அளவுக்குக் குழாய்த் தண்ணீர். வலது கை ஒன்றில், இடது கை மற்றதில். மெஷின் நேர்மின்சாரத்தை மெல்ல ஏற்றும், 15 முதல் 20 மில்லி ஆம்பியர்வரை. சுள்ளென்று எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், வலிக்காது. பாதியில் மின்சாரத்தின் திசையை மாற்ற வேண்டும். 20 முதல் 30 நிமிடம். மோதிரத்தைக் கழற்றி வைக்க வேண்டும். நகக் கண்ணில் கீறல் இருந்தால் அங்கே வாசலின் தடவ வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஒரு புள்ளியில் சுரீரென்று இருக்கும். கரன்ட் ஓடும்போது கையைச் சட்டென்று வெளியே எடுக்கக் கூடாது, திடுக்கென்று உதறும். முதலில் வாரத்துக்கு மூன்று நான்கு தடவை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் கை காயத் தொடங்கும். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை தொடர்ந்தால் போதும். விட்டுவிட்டால் வியர்வை பழையபடி வரும்.

நம் ஊரில் இதைத் தோற்கடிப்பது பெரும்பாலும் தண்ணீர். வீட்டில் ஆர்ஓ தண்ணீரை ஊற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். உப்பெல்லாம் வடிகட்டப்பட்ட தண்ணீரில் கரன்ட் சரியாகப் பாயாது. போர் தண்ணீரோ கார்ப்பரேஷன் தண்ணீரோ நல்லது. மென்மையான தண்ணீர்தான் இருக்கிறது என்றால் ஒரு சிட்டிகை ஆப்பசோடா. குடிக்கத்தான் முடியவில்லை என்று திட்டுகிற நம் உப்புத் தண்ணீர் பிரயோஜனப்படும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வாங்கும் மெஷின் சில ஆயிரத்திலிருந்து தொடங்குகிறது. போட்டூலினம் ஒருமுறை போடும் காசில் ஒரு மெஷினே வந்துவிடலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கையிலோ உடம்பிலோ கரன்ட் போகும் பாதையில் இரும்புத் தகடு, ஸ்க்ரூ வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள் இதன் பக்கம் போகக் கூடாது. யூடியூபைப் பார்த்து செல்போன் சார்ஜரையும் அலுமினியத் தட்டையும் வைத்து வீட்டில் செய்கிற வேலை வேண்டவே வேண்டாம். கரன்ட்டோடு விளையாட்டு இல்லை, தம்பி.

அக்குளுக்குச் சொன்ன போட்டூலினம் ஊசியை உள்ளங்கையில் போடுவது வேறு கதை. நரம்பு நிறைந்த இடம், குத்தினால் உயிர் போகும். மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டோ, ஐஸ் வைத்தோதான் குத்துவார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் பிடி சில வாரங்களுக்குத் தளரலாம். தையல்காரர், நகை செய்கிறவர், மிருதங்கம் வாசிக்கிறவர் இதை யோசித்துத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் தட்டுகிறவருக்கு அவ்வளவு கஷ்டம் தெரியாது.

மாத்திரை: வெயிலைக் கணக்கில் எடுங்கள்

கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் இரண்டும் வியர்வைச் சுரப்பிக்கு நரம்பு அனுப்பும் தகவலைத் தடுக்கின்றன. கை, கால், முகம், அக்குள் எல்லாம் ஒரே மாத்திரையில் அடங்கும். பல இடத்தில் வியர்க்கிறவருக்கும் முகம், தலை வியர்க்கிறவருக்கும் இதைவிட வசதியானது இல்லை. ஆனால் அந்தத் தகவல் உடம்பெல்லாம் போகிற தகவல். ஆகவே வாய் காய்ந்து நாக்கு ஒட்டும், மலம் இறுகும், பார்வை மங்கலாகும், சிறுநீர் தயங்கும். ஒரு வகை கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் புராஸ்டேட் வீங்கிய பெரியவர்களுக்கும் ஆகாது. வயதானவர்களுக்குக் குழப்பமும் மறதியும் வரலாம்.

இதற்கெல்லாம் மேலே நான் கவலைப்படுவது வெயிலைப் பற்றி. குளிர்நாட்டு மருத்துவக் கட்டுரைகளில் இது ஒரு வரியில் போகும். நமக்கு ஒரு வரி போதாது. வியர்வை ஆவியாவதுதான் வெயிலில் உடம்பு தன்னைக் குளிர்விக்கிற ஒரே பெரிய வழி. கத்திரி வெயிலில் கட்டட வேலை செய்கிறவர், டூவீலரில் டெலிவரி போகிறவர், செங்கல் சூளையில் நிற்கிறவர், வியர்வையை முழுக்க நிறுத்திவிட்டு வேலைக்குப் போனால் உடம்பு சூடேறி மயங்கி விழுவது வரை போகலாம். அவர்களுக்கு மாத்திரை என்றால் என் ஓட்டு இல்லை. ஏசி அறையில் உட்கார்ந்து நேர்காணலுக்குப் போகிற பட்டதாரிக்கு, அந்த நாளுக்கு மட்டும், டாக்டர் சொன்ன அளவில் என்றால் நியாயமான தேர்வு. மேடை ஏறினால் மட்டும் கொட்டுகிறது, மற்றபடி சாதாரணம் என்பவர்களுக்குப் ப்ராப்ரனோலால் எழுதுவார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை எடுக்கக் கூடாது என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

கால்

காலுக்கும் கரன்ட் தண்ணீர் வேலை செய்யும், லோஷனும் ஓரளவு. கால் வியர்வையோடு வருகிற தோல் கோளாறுகளில் இரண்டைக் குழப்பிக்கொள்கிறார்கள். நான்காவது, ஐந்தாவது விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி வெடித்தால் அது சேற்றுப்புண், பூஞ்சை. பூஞ்சைக் களிம்பு வேண்டும். நடவு வயலில் நிற்கிறவர்களுக்கு மட்டுமல்ல, ஷூ போட்டு நிற்கிறவர்களுக்கும் வரும். சர்க்கரை நோயாளிக்கு அந்த வெடிப்பு வழியாகக் கிருமி ஏறிக் கால் வீங்கலாம், அலட்சியம் வேண்டாம். உள்ளங்காலில் ஊசியால் குத்தினதுபோல் குட்டிக் குட்டிக் குழிகள், காலுறை கழற்றினால் அறையே நாறுகிறது என்றால் அது பாக்டீரியா. போலீஸ்காரர்கள், செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர்களிடம் அடிக்கடி பார்க்கலாம். பூஞ்சைக் களிம்பை மாதக்கணக்கில் போட்டும் போகவில்லை என்பார்கள். போகாது, கிருமி வேறு. டாக்டர் எழுதும் கிளின்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் லோஷன் வேண்டும். இரண்டுக்கும் பொதுவானது: ஒரே ஷூவைத் தொடர்ந்து இரண்டு நாள் போடாமல் ஒரு நாள் காயவிடுவது.

ஆபரேஷன்: திரும்ப முடியாத ஒரே வழி

இனி அந்தப் பையன் நிஜமாகக் கேட்க வந்த விஷயம். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது மருத்துவப் பரிசோதனையில் உள்ளங்கையில் வியர்வை வெளிப்படையாகச் சொட்டினால் தகுதியில்லை என்று அனுப்பிவிடுவார்கள். லேசாக, எப்போதாவது இருப்பது பரவாயில்லை. ஓட்டத்திலும் எழுத்திலும் தேறி, இதில் திரும்பி வந்த பிள்ளைகள்தான் ‘நரம்பை வெட்டும் ஆபரேஷன்’ எங்கே செய்கிறார்கள் என்று விசாரிக்கிறார்கள்.

மயக்கம் கொடுத்து, மார்பின் பக்கவாட்டில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு, விலா எலும்புகளின் மேல் இறங்கும், வியர்வைக்கு உத்தரவு கொண்டுபோகும் பரிவு நரம்பை வெட்டுவார்கள் அல்லது கிளிப் போட்டு நெருக்குவார்கள். இரண்டு பக்கமும் ஒரே தடவையில் முடிந்துவிடும். மேஜையிலிருந்து இறங்கும்போதே கை காய்ந்திருக்கும். உள்ளங்கையைப் பொறுத்தவரை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெற்றி. வேறு எந்த வைத்தியமும் கிட்டே வராது. இந்த எண்ணை எல்லா விளம்பரமும் சொல்லும்.

விளம்பரம் மெல்லிய குரலில் சொல்வது, ஈடுகட்டும் வியர்வை. கையில் அடைத்தது முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் கிளம்பும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் வரும். பலர் சமாளித்துக்கொள்கிறார்கள். சிலருக்கு நாளுக்கு மூன்று சட்டை மாற்றும் அளவுக்குப் போய், இதற்கு அந்தப் பழைய ஈரக் கையே தேவலாமே என்று ஆகிவிடும். யாருக்கு எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. கிளிப்பை எடுத்துவிட்டால் சரியாகும் என்பதும் உத்தரவாதம் இல்லை. மேல் மட்டத்தில், இரண்டாவது விலா அருகே, தொட்டால் ஈடுகட்டும் வியர்வையும், இமை தொங்கிப்போகும் அபாயமும் கூடும். அதனால் மூன்றாவது, நான்காவது மட்டத்தில் செய்பவர்களைத் தேடுவது நல்லது. நுரையீரலில் காற்றுக் கசிவு போன்ற பொதுவான ஆபரேஷன் அபாயங்களும் உண்டு. கால் வியர்வைக்கு இதை நம்பக் கூடாது. நமது தட்பவெப்பத்தில் முதுகு வியர்வை என்பது எட்டு மாதத் துன்பம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கரன்ட் தண்ணீரையும் லோஷனையும் முறையாகச் செய்து பார்க்காதவருக்கு ஆபரேஷன் எழுதுகிற ஆளை நான் நம்ப மாட்டேன். எல்லாம் செய்து பார்த்தாயிற்று, வேலையே இந்தக் கையைப் பொறுத்திருக்கிறது, உடம்பில் வேறு இடத்தில் வியர்த்தாலும் சமாளித்துக்கொள்வேன் என்று ஒருவர் யோசித்துச் சொன்னால் அது அவருடைய நியாயம். அப்போது அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: எந்த மட்டத்தில் செய்கிறீர்கள், வெட்டா கிளிப்பா, உங்களிடம் செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு முதுகு வியர்வை தாங்க முடியாமல் போனது. கடைசிக் கேள்விக்கு “யாருக்குமே இல்லை” என்று பதில் வந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். ராணுவத்துக்குப் போகிறவர் என்றால், இந்த ஆபரேஷன் செய்தவர்களைத் தேர்வு மருத்துவக் குழு எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை அறிவிக்கையைப் படித்தோ ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் கேட்டோ முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பையன்களிடம் நான் பொதுவாகச் சொல்வது தேதியைப் பற்றித்தான். ஆள்சேர்ப்பு முகாமுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தோல் மருத்துவரைப் பார்த்துக் கரன்ட் தண்ணீர் தொடங்கினால், காய்கிறதா இல்லையா என்பது முகாமுக்கு வெகு முன்பே தெரிந்துவிடும். காயாவிட்டால் அடுத்ததை யோசிக்க நேரம் இருக்கும். முகாமுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்து கேட்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் கர்சீப்பைத் தவிர கொடுக்க என்னிடம் எதுவும் இருப்பதில்லை.